நாற்பத்து மூன்று பேரும் இரண்டு தாளும்

நாவலைச் சுருக்கி எழுதுவதெல்லாம் ஒரு வேலையா என்று என் வீட்டுக்காரரே கேட்டிருக்கிறார். கல்யாணமாகி இருபது வருஷம் கழித்துக் கேட்டார். அதுவரை நான் ஆபீசில் டைப் அடிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். மனுஷன் அவ்வளவு அப்பாவி.

போன வாரம் நித்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு பதிப்பகத்தில் என் நாற்காலிக்கு வந்த பெண். "அக்கா, இப்பல்லாம் நாவலைக் கம்ப்யூட்டர்ல ஏத்தினா அதுவே சுருக்கம் எழுதிக் குடுத்துடுது. ஒரு தப்பு கிடையாது. ஆனா டெல்லி ஏஜெண்ட் அதைப் படிச்சுட்டு, 'சரி, இதுல என்ன இருக்கு'ன்னு கேக்கறாங்க. நீங்க எப்படி எழுதுவீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்கு முடிவு என்னவென்று தெரிந்துகொள்ளும் அவசரம் இருக்குமா என்று நான் கேட்டேன். நித்யா சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஏனென்றால் எனக்கு அது பிறவிக் கோளாறு. கலசப்பாக்கத்தில் சின்னப் பெண்ணாக இருக்கும்போது பக்கத்து வீட்டில் சண்டை வந்தால், அது எப்படி முடிகிறது என்று தெரியாமல் சோற்றில் கை வைக்க மாட்டேன். "இவ மூக்க எங்கதான் நுழைக்கல" என்று அம்மா திட்டுவாள். அந்த மூக்குதான் பிறகு எனக்குச் சோறு போட்டது.

தமிழில் பட்டம் வாங்கிக்கொண்டு சென்னைக்கு வந்து, ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்தச் சேர்ந்தேன். மூன்று வருஷம் ஒற்றெழுத்துகளோடு மாரடித்தேன். அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நான்காம் வருஷம் ஆசிரியர் தணிகாசலம் சார் கூப்பிட்டு ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்தார். "படிச்சுட்டு ரெண்டு தாள்ல எழுதிக் கொண்டாம்மா. போடலாமா வேணாமான்னு நான் முடிவு பண்ணணும்" என்றார்.

நான் இரவு பகலாகப் படித்து எழுதினேன். கடைசி வரியாக, 'இறுதியில் கமலாவின் கதி என்ன? நாவலைப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்!' என்று ஆச்சரியக்குறியெல்லாம் போட்டுக் கொடுத்தேன். எனக்கு ஒரே பெருமை.

சார் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். கோபம் வந்தால் அவர் குரல் இன்னும் மெதுவாகிவிடும். "ஏம்மா, இதை நானே படிக்கறதா இருந்தா உன்னை எதுக்கு வேலைக்கு வெச்சேன்?"

அவரே உட்காரச் சொல்லி விளக்கினார். புத்தகத்தின் பின்னட்டை வாங்குகிறவனுக்கு எழுதுவது, அங்கே முடிவை மறைக்கலாம். சுருக்கம் நம்மைப் போன்ற வியாபாரிகளுக்கு எழுதுவது. மாட்டைச் சந்தையில் பிடிக்கிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் வாங்குவானா? அதனால் முடிவைச் சொல்லியே ஆக வேண்டும், பச்சையாக.

அவரிடம் இன்னும் சில கட்டளைகள் உண்டு. நாலு பேருக்கு மேல் பெயர் வரக் கூடாது. மற்றவர்கள் எல்லாரும் 'அண்ணன்', 'கடைக்காரர்', 'போலீஸ்காரர்'. எல்லாம் இப்போது நடப்பதுபோல எழுத வேண்டும். 'விறுவிறுப்பான', 'நெஞ்சை உருக்கும்' போன்ற சொற்களைச் சிவப்புப் பென்சிலால் அடித்துவிடுவார். "உருகறது என் நெஞ்சு. உருகுச்சா இல்லையான்னு நான் சொல்லிக்கறேன்" என்பார். எழுதிக்கொண்டு போனால் தாளை வாங்கிப் படிக்கவும் மாட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கண்ணை மூடிக்கொண்டு, "வாசிம்மா" என்பார். நான் வாய்விட்டு வாசிக்க வேண்டும். எந்த இடத்தில் அவர் கை மேஜைமேல் தாளம் போட ஆரம்பிக்கிறதோ, அந்த இடத்தில் சுருக்கம் தொய்கிறது என்று அர்த்தம்.

நாளடைவில் எனக்கென்று ஒரு வழி உண்டாயிற்று. முதலில் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிடுவேன். அப்புறம் முதலிலிருந்து வந்து, அத்தியாயத்துக்கு ஒரு வரி துண்டுச் சீட்டில் எழுதுவேன். சீட்டுகளை மேஜையில் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். எதை எடுத்தால் அந்த முடிவு வராதோ, அது மட்டும் இருக்கும். மிச்சம் குப்பைக்கு. அப்புறம் டீக்கடை அக்காவிடம் கதையைச் சொல்லிப் பார்ப்பேன். அவள் வடை எடுத்துக்கொண்டே கேட்பாள். பாதியில் "அப்புறம்?" என்று கேட்டால் சரி. "சட்னியா சாம்பாரா?" என்று கேட்டால் திரும்பப் போய் எழுத வேண்டியதுதான்.

நித்யா, இதுவரை சொன்னது எல்லாம் நீ கேட்டதற்கு. இனிமேல் சொல்லப்போவது நீ கேட்காதது.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்பு, தமிழ் நாவல்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் ஏஜெண்ட் ஒருவர் டெல்லியிலிருந்து எங்களோடு பேச ஆரம்பித்தார். சுருக்கம் பிடித்தால்தான் அவர் மேலே பேசுவார். அந்தச் சமயம் ஜவ்வாது மலையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. பதினொரு நீள நோட்டுகள், நீல மை, குண்டு குண்டான கையெழுத்து. எழுதியவள் வள்ளி. காவலூருக்கு அந்தப் பக்கம் ஒரு மலை ஊரில் அங்கன்வாடிப் பணியாளர்.

பதினொரு நோட்டையும் இரண்டு நாளில் படித்து முடித்தேன். சாந்தி என்று ஒரு பதினெட்டு வயதுப் பெண். பிடிக்காத மாப்பிள்ளை. காலையில் அம்மாவோடு சண்டை. அம்மா காளியம்மா அவளை அடித்து, "எங்கனா போய்ச் சாவுடி" என்கிறாள். அன்று போனவள் திரும்பவில்லை. அருவிப் பாறைமேல் ஒரு செருப்பு மட்டும் கிடைக்கிறது. அதற்குப் பிறகு அந்த ஊரும் அந்த அம்மாவும் எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் நாவல். சாமை விதைக்கிறார்கள், புளி உலுக்குகிறார்கள், கல்யாணம் செய்கிறார்கள், ஒவ்வொன்றிலும் அந்தச் செருப்பு கிடக்கிறது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் படித்ததில் இப்படி ஒன்று கைவிரலில் எண்ணும்படிதான் இருக்கும்.

ஆனால் முடிவு இல்லை. பன்னிரண்டாம் நோட்டை அவள் அனுப்பவில்லை. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் போட்டேன்.

"கடைசி நோட்டு எங்கம்மா?"

"இங்கதான் மேடம் கீது. அத்த தபால்ல போட பயமா கீது. நீங்க வந்தா கையில குடுக்கறேன்."

அவளே எழுதிய சுருக்கமும் பார்சலில் இருந்தது. இரண்டு தாளில் நாற்பத்து மூன்று பெயர்கள். 'மேலூட்டு வெள்ளையன் மகன் சின்னசாமி, அவருக்குப் பொண்ணு கொடுத்த கோவிந்தன், கோவிந்தன் தங்கச்சி முனியம்மா' என்று போகிறது. நடந்தது என்று ஒரு வரி கிடையாது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் போல இருந்தது.

"நாலு பேருதாம்மா வரலாம்" என்றேன்.

"ஐயோ, மீதிப் பேரெல்லாம் கோச்சிக்குவாங்களே மேடம்!"

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. நாவலில் வருகிற எல்லாரும் அந்த ஊரில் இருக்கிறவர்கள், அதே பெயரில். "பேரு நெசம், கத கததான்" என்றாள். அங்கன்வாடி முடிந்த பிறகு சாயங்காலங்களில் ஒவ்வொரு அத்தியாயமாக ஊருக்குப் படித்தும் காட்டியிருக்கிறாள், கடைசி நோட்டைத் தவிர. பெயர்களை அச்சில் மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னேன். "அச்சில மாத்திக்கலாம். ஆனா இந்த ரெண்டு தாளு டெல்லி போவுதுன்னு ஊருக்கே தெரிஞ்சிப்போச்சி. அதுல பேரு கீதான்னு தெனம் வந்து கேக்கறாங்க" என்றாள். பத்திரிகையில் பெயர் விட்டுப்போனதற்காகப் பத்து வருஷம் பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகள் என் சொந்தத்திலேயே உண்டு. அவள் பயம் எனக்குப் புரிந்தது.

ஏஜெண்ட் கேட்ட தேதிக்கு நாலு நாள்தான் இருந்தது. வாணியம்பாடியில் ரயிலிலிருந்து இறங்கி, ஆலங்காயம் வழியாகக் காவலூருக்குப் பஸ் ஏறினேன். வானாய்வுக் கூடத்தின் வெள்ளைக் குவிமாடம் தெரிகிற வளைவில் வள்ளி வண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். நாற்பது வயது, ஒல்லி, பேச்சு குறைவு. வழியெல்லாம் சுருக்கத்தைப் பற்றியே கேட்டாள்.

"முடிவு கண்டிப்பா அதுல இருக்கணுமா மேடம்?"

"இருக்கணும். இல்லன்னா அது சுருக்கமே இல்ல."

"அத்த மனசுக்குள்ள படிச்சிக்குவாங்களா, வாய்விட்டுப் படிப்பாங்களா?"

தணிகாசலம் சார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதை நான் நடித்தே காட்டினேன். வண்டி ஆடியது. அவள் சிரித்துவிட்டு, "அப்போ எழுதனவங்க படிக்க வேணாம். நீங்கதான் படிப்பீங்க" என்றாள். ஆமாம் என்றேன். இத்தனை வருஷம் கதைகளில் எது எதற்காக வருகிறது என்று துருவியவள், அந்தக் கேள்வி எதற்காக வந்தது என்று யோசிக்கவில்லை. அந்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. எடை பார்க்கும் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டாம் நோட்டைப் படித்தேன். முடித்ததும், "அடி கள்ளி!" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு குழந்தை புரண்டு படுத்தது. அப்படி ஒரு முடிவு. உடனே சீட்டுகளைத் தரையில் பரப்பிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். மூன்று மணிக்குள் இரண்டு தாள் சுத்தமாக வந்துவிட்டது.

வெளியே வந்தால் பலா மரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. முன்னால் ஊர்க்கவுண்டர், தலைப்பாகையோடு.

"ஏம்மா, எத்தினி பேரு போட்ட?" என்றார்.

"மூணு பேருங்க."

"மூணா!" கூட்டம் சலசலத்தது. "நாப்பது பேரு கதையில வர்றோம். வள்ளி எங்கள ஒவ்வொருத்தரயா கேட்டுக் கேட்டு எழுதிச்சி. மூணு பேரு மட்டும் டெல்லி போவறதுன்னா இன்னா நாயம்?"

நான் சாருடைய நாலு பேர் சட்டத்தை விளக்கினேன். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மூணு பேர் யார் யார் என்று கேட்டார்கள். சாந்தி, அவள் தோழி மல்லி, காளியம்மா. மல்லி யாரென்று ஊரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த ஒரு பெயர் மட்டும் ஊரில் இல்லாத பெயர். காளியம்மா என்று சொன்னதும் எல்லாரும் ஒரு பக்கம் திரும்பினார்கள். அங்கே ஓர் அம்மா, அறுபத்தைந்து வயதிருக்கும், முறத்தில் புளி வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான் காளியம்மாவா? உங்க பேரு ரெண்டாவது வரியிலயே வருதும்மா" என்றேன் பெருமையாக. பெயர் கொடுத்தவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அடுத்த புளியைக் கையில் எடுத்தார்.

கவுண்டர் ஒரு வழி சொன்னார். "சரி. இன்னா எழுதிக்கீறன்னு படி. நல்லா இருந்தா எங்க பேரு இல்லாங்காட்டியும் பரவால்ல."

நான் வள்ளியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "படிக்கட்டுமா? முடிவும் வரும், பரவாயில்லையா?"

"படிங்க மேடம். முழுசாப் படிங்க."

அந்த நாவல் பிறகு வேறு பெயர்களோடு அச்சாகி, ஆங்கிலத்துக்கும் போயிற்று. சம்பந்தப்பட்டவர்கள் சரி என்று சொன்ன பிறகுதான். அதனால் முடிவை இங்கே சொல்வதில் தப்பில்லை.

படித்தேன். சார் எதிரில் படிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் நிறுத்தி நிறுத்திப் படித்தேன். சாந்தி வீட்டைவிட்டுப் போகிறாள், ஊர் தேடுகிறது, செருப்பு கிடைக்கிறது, காளியம்மா மகளுக்குக் கருமாதி செய்கிறாள். யாரும் அசையவில்லை. கேட்கிறார்கள், தொய்வில்லை என்று எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. கடைசிப் பத்திக்கு வந்தேன்.

'சாந்தி சாகவில்லை. அன்று காலை மல்லிதான் அவளைக் காட்டு வழியாகக் காவலூர் வரை நடத்திக் கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிடுகிறாள். வார் அறுந்த செருப்பைச் சாந்தி வழியில் பாறைமேல் விட்டெறிந்திருக்கிறாள். தான் இருப்பதை யாரிடமும் வாயால் சொல்ல மாட்டேன் என்று மல்லியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு அவள் போகிறாள். இருபத்திரண்டு வருஷமாக மல்லி தினமும் காளியம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்கிறாள். சாந்தி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். கணவனும் ஒரு மகளும் இருக்கிறார்கள். அவள் உயிரோடு இருக்கிறாள்.'

தாளை மடித்துவிட்டு நிமிர்ந்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. புளிக் கொட்டை முறத்தில் விழும் சத்தம் நின்றிருந்தது.

காளியம்மா எழுந்தார். மடியிலிருந்த முறம் சரிந்து புளி கீழே கொட்டியது. "வள்ளி" என்றார். "இது கதையாடி?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேர் நெசம் என்றால், இந்த அம்மாவுக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள். இவ்வளவு நாளும் இங்கே வந்து உட்கார்ந்து, செத்துப்போன தன் மகளின் கதையைத்தான் இவர் கேட்டிருக்கிறார். நான் என்ன காரியம் செய்துவிட்டேன்! அப்படியே பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வள்ளி வாயைத் திறக்கவில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீயா பஸ் ஏத்தி வுட்ட?"

ஆமாம் என்று தலையாட்டினாள்.

கவுண்டர் துள்ளி எழுந்தார். "அடப் பாவி! எத்தினி நாளு காட்ட சலிச்சோம்! இந்தப் பொம்பள சோறு தின்னாம கெடந்துச்சே, நீதான கஞ்சி ஊத்தன! அப்பக்கூட வாய் வர்லியா ஒனக்கு?" ஆளாளுக்குக் கத்தினார்கள். அவள் வேலையையே எழுதிப் போட்டுப் பிடுங்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். உள்ளே பிள்ளைகள் விழித்துக்கொண்டு அழுதன. வள்ளி எல்லாவற்றுக்கும் தலையைக் குனிந்து நின்றாள். சொல்ல மாட்டேன் என்றுதான் அவள் சத்தியம் செய்திருந்தாள், எழுத மாட்டேன் என்று செய்யவில்லை. அதற்காகப் பன்னிரண்டு நோட்டு எழுதியிருக்கிறாள். கடைசி நோட்டைத் தன் வாயால் படிக்க முடியாமல், என்னைச் சென்னையிலிருந்து வரவழைத்திருக்கிறாள்.

காளியம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. என்னிடம் வந்தார். "கடைசியில சொன்னியே, அத்த இன்னொரு வாட்டி படி" என்றார்.

'அவள் உயிரோடு இருக்கிறாள்' என்று படித்தேன்.

"இன்னொரு வாட்டி."

படித்தேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். கவுண்டர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுதுகொண்டேதான் படித்தேன், அதில் என்ன வெட்கம்.

"இப்ப மொதல்ல இருந்து படி."

முதல் தாளை எடுத்தேன். 'ஜவ்வாது மலையில் ஓர் ஊர். காளியம்மாவின் மகள் சாந்திக்குப் பதினெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்கிற மகளைக் காளியம்மா ஓர் அடி அடிக்கிறாள்.'

"நிறுத்து" என்றார். "யாரு சொன்னது ஒண்ணுன்னு? எம் பொண்ணா?"

நான் வள்ளியைப் பார்த்தேன். அவள் தலையாட்டினாள்.

"ஒண்ணு இல்ல. வெளக்குமாத்தால அடிச்சேன். கை ஓயற மட்டும் அடிச்சேன். அவ மறச்சிக்கீறா. நீ சரியா எழுது."

எழுதப் பேனாவை எடுத்தேன். ஓர் அடி என்பதை அடித்துவிட்டு, 'விளக்குமாற்றால் கை ஓயும்வரை அடிக்கிறாள்' என்று மேலே எழுதி, வாசித்துக் காட்டினேன். காளியம்மா குனிந்து, படிக்கத் தெரியாத அந்த வரியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வள்ளியின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"எழுதியாச்சி இல்ல? இப்ப அவளுக்குப் போன் போடுடி" என்றார்.